முதற்பிரதி சாலிஹ் ஹாஜியார்

மாத்தளையில் ஒரு புத்தகம் வெளிவர மூன்று பேர் வேண்டும். எழுத ஒருவர், தலைமை தாங்க றஹீம் மாஸ்டர், முதற்பிரதி வாங்க சாலிஹ் ஹாஜியார். எழுதியவரே வராமல் நடந்த வெளியீட்டு விழா ஒன்று உண்டு. பாவம், மனிதருக்கு அன்றைக்கென்று காய்ச்சல். ஹாஜியார் இல்லாமல் ஒரு விழா நடந்ததாக இந்த ஊர்ச் சரித்திரத்தில் இல்லை.

எங்கள் பக்கத்தில் அச்சாகிவிட்டால் மட்டும் புத்தகம் வெளிவந்ததாக யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். மண்டபம் எடுத்து, வாழ்த்துரை, ஆய்வுரை, கருத்துரை எல்லாம் ஓடி முடிந்து, சனம் கொட்டாவி விடத் தொடங்கும் நேரத்தில், பளபளப்பான தாளில் சுற்றி ரிபன் கட்டிய முதற்பிரதியைக் கைவசதியுள்ள ஒருவரிடம் கொடுக்க வேண்டும். அவர் ஓர் உறையை நூலாசிரியர் கையில் வைப்பார். பொன்னாடை போர்த்தப்படும். இரண்டு பேரும் கமெராவைப் பார்த்துச் சிரிப்பார்கள். அப்போதுதான் புத்தகம் பிறந்ததாகக் கணக்கு.

ஹாஜியாருக்குத் தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையம் என்கிற பெரிய சந்தையில் வெங்காய மொத்த வியாபாரம். சுபஹ் தொழுத கையோடு புறப்பட்டு, லொறிகளோடும் மூட்டைகளோடும் மல்லுக்கட்டி, பின்னேர அஸர் தொழுகைக்கு மாத்தளை வீட்டுக்குத் திரும்பிவிடுவார். இலக்கியத்துக்கும் அவருக்கும் உறவு ஏற்பட்டது தற்செயலாகத்தான். வெகுகாலத்துக்கு முன் ஒரு கவிதைப் புத்தகத்தின் முதற்பிரதியை வாங்கவிருந்த பிரமுகர் கடைசி நேரத்தில் கையை விரித்துவிட, றஹீம் மாஸ்டர் தெருவில் போய்க்கொண்டிருந்த ஹாஜியாரைக் கையைப் பிடித்து மேடையில் ஏற்றிவிட்டார். வெங்காயத் தூசு படிந்த சேட்டுக்கு மேல் பொன்னாடை விழுந்தது. மறுநாள் பேப்பரில் படமும் வந்தது. அதில் ஹாஜியார் மயங்கிப்போனார். மயக்கம் இன்றுவரை தெளியவில்லை.

வாங்கிய முதற்பிரதிகளெல்லாம் அவர் வீட்டு முன்ஹோலில், கண்ணாடிக் கதவு போட்ட அலுமாரியில், சுற்றிய தாளோடும் கட்டிய ரிபனோடும் வரிசையாக இருந்தன. ஒன்றையும் அவர் அவிழ்த்ததில்லை. முதலாவதை அவிழ்க்காததற்குக் காரணம் நேரம் கிடைக்காதது. இரண்டாவதை அவிழ்க்காததற்குக் காரணம், முதலாவதை இன்னும் அவிழ்க்கவில்லையே என்ற கூச்சம். பத்தைத் தாண்டியதும் அது ஒரு கொள்கையாகிவிட்டது. வருகிறவர்களுக்கு அலுமாரியைக் காட்டி, புத்தகத்துக்கு நான் குடுக்கிற மரியாதை இது என்று சொல்வார். ஒருதடவை அலுமாரிக்குள் எறும்பு சாரைசாரையாகப் போனபோது அவர் மனைவி மஸீஹா விளக்குமாற்றோடு வந்தாள். எறும்புக்குக்கூட இலக்கிய ருசி தெரிகிறது, விடு என்று தடுத்துவிட்டார்.

இப்படி நிம்மதியாக இலக்கியம் வளர்த்துக்கொண்டிருந்தவரிடம்தான் றஹீம் மாஸ்டர் ஒருநாள் வந்து, பிளேன்டீயைக் குடித்துக்கொண்டே புதுச் செய்தி சொன்னார். இந்த முறை கவிதையும் இல்லை, சிறுகதையும் இல்லை. ஆசியக் கற்கைகள் என்கிற துறையில் வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர் எழுதிய பெரிய ஆராய்ச்சி நூல். ஆசியா முழுக்கப் பொதிமாடுகளில் நடந்த வியாபாரத்தின் வரலாறு. தமிழில் மொழிபெயர்த்திருப்பது வேறு யாருமில்லை, ஹாஜியாரின் தங்கை மகள் நுஸ்லா. தலைப்பு, ‘பொதிமாட்டுப் பாதைகள்’.

ஆசியக் கற்கை என்றால் என்ன என்று ஹாஜியார் கேட்டார். ஆசியாவைப் பற்றிப் படிப்பது என்றார் மாஸ்டர். நாங்கள்தான் ஆசியாவிலேயே இருக்கிறோமே, பிறகு படிப்பதற்கு என்ன இருக்கிறது என்று ஹாஜியார் திருப்பிக் கேட்க, மாஸ்டர் பிளேன்டீயில் கவனமாகிவிட்டார். எப்படியும் முதற்பிரதி ஹாஜியாருக்குத்தான் என்று முடிவாயிற்று.

இரண்டொரு நாளில் நுஸ்லாவே வந்தாள். கண்டிப் பக்கம் ஒரு கல்லூரியில் வரலாறு படிப்பிப்பவள். சின்ன வயதிலிருந்தே பேச்சை வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் போடுகிறவள். வந்தவள் கதிரையில் உட்காராமல் அலுமாரி முன்னால் போய் நின்றாள்.

“மாமா, இந்த அலுமாரிய நான் சின்னப் புள்ளையில இருந்து பாக்கிறேன். இதுல ஒரு ரிபனாவது அவுந்து நான் கண்டதில்ல. என்ட புத்தகம் இதுக்குள்ள போறதுன்னா, முதற்பிரதிய வேற யாருக்கும் குடுத்திடுறேன்.”

ஹாஜியாருக்குச் சுருக்கென்றது. ரோஷத்தில் வாக்குக் கொடுக்கிறவர்கள் எல்லோரும் செய்கிற பிழையை அவரும் செய்தார். கேட்டதற்கு மேலாகவே கொடுத்துவிட்டார். மேடையிலேயே ரிபனை அவிழ்த்து, முதல் பக்கத்தைச் சபைக்கு வாசித்துக் காட்டுகிறேன் என்றார். நுஸ்லாவின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. மாஸ்டருக்குச் சொல்ல வேண்டாம், எல்லோருக்கும் ஆச்சரியமாக இருக்கட்டும் என்று அவளே சொன்னாள். பையிலிருந்து முதல் பக்கத்தின் போட்டோகொப்பி ஒன்றை எடுத்துக் கொடுத்துப் பழகச் சொன்னாள். மற்றப் பக்கங்கள் எங்கே என்று கேட்டதற்கு, அவை புத்தகத்தைத் திறக்கிறவர்களுக்கு என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வாக்குக் கொடுத்த பிறகுதான் ஹாஜியாருக்குப் பயம் பிடித்தது. வெங்காய விலையைத் தவிர வேறெதையும் அவர் சத்தமாக வாசித்ததில்லை. அந்தப் பக்கமோ சோற்றில் கல் கிடப்பதுபோல இடைக்கிடை பல்லில் கடிபட்டது. ஆனாலும் தங்கை பிள்ளைக்குக் கொடுத்த வாக்கு. தம்புள்ளைப் பாதையில் நாலந்தா, நாவுல என்று வேன் ஓடுகிற நேரமெல்லாம் அவர் வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.

“ஆசியாவின் வணிக வரலாற்றை நாம் நெடுங்காலமாகக் கப்பல்களின் வரலாறாகவே எழுதிவந்திருக்கிறோம். ஆனால் கப்பலிலிருந்து இறங்கிய உப்பு தானாக மலையேறவில்லை. அது மாட்டின் முதுகில் ஏறியது. மாட்டின் பின்னால் ஒரு மனிதன் நடந்தான்.”

கடையிலும் மூட்டைகளுக்கு நடுவில் நின்று இதையே ஒப்புவித்தார். கலேவெலயிலிருந்து வந்த யாவாரி ஒருவர் பக்கத்தில் நின்றிருக்கிறார். வெங்காயக்காரர் ஒருவர் காலங்காத்தாலே கண்ணை மூடிக்கொண்டு கப்பலில் இருந்து இறங்கியது, கப்பலில் இருந்து இறங்கியது என்று சொன்னால் கேட்கிறவன் என்ன நினைப்பான்? இந்திய வெங்காயக் கப்பல் வந்துவிட்டதாம், சாலிஹ் ஹாஜியாருக்கே தலை சுற்றிவிட்டதாம் என்று கதை பரவி, பகல் சாப்பாட்டுக்கு முன் விலை சரிந்துவிட்டது. அதில் ஹாஜியாரின் சரக்கும் அடிபட்டது. ஆராய்ச்சி நூலால் சந்தையில் பாதிப்பு ஏற்பட்டது தம்புள்ளையில் அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

ஆனால் நாள் போகப் போக வேறொன்றும் நடந்தது. பல்லில் கடிபட்ட சொற்கள் கரைந்து, அந்தப் பக்கம் அவருக்குள் இறங்கத் தொடங்கியது. உப்பும் கருவாடும் மேலே போயிருக்கின்றன, பாக்கும் மிளகும் கீழே வந்திருக்கின்றன. மழை, அட்டை, வழுக்கல் எல்லாவற்றுக்கும் நடுவே ஒருவன் மாட்டின் பின்னால் நடந்திருக்கிறான். ஒருநாள் நாவுல ஏற்றத்தில் முன்னால் ஊர்ந்துகொண்டிருந்த மரக்கறி லொறியைப் பார்த்தபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பேராசிரியரோ அந்நியர், மூலப் புத்தகமோ ஆங்கிலம். அதில் தன்னைப் போன்ற ஒருவன் நடந்துபோகிறான் என்பது அவருக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது. புத்தகம் என்றால் மற்றவர்களைப் பற்றியது என்றுதான் அவர் இத்தனை காலமும் நினைத்திருந்தார்.

அதோடு ஒரு வேதனையும் சேர்ந்துகொண்டது. அந்தப் பக்கம் பாதி வசனத்தில் முடிந்திருந்தது. “சுங்கம் வாங்கியவன், நெல் அளந்தவன், காவல் நின்றவன் என எல்லோர் மீதும் அரசனுக்கு முறைப்பாடுகள் போயிருக்கின்றன. பொதிமாட்டுக்காரர்கள் மீது ஒரு முறைப்பாடுகூடக் கிடைக்கவில்லை. ஏனெனில் அவர்கள்” என்று அச்சாகியிருந்தது. அதற்குக் கீழே வெள்ளைத்தாள்.

ஏனெனில் அவர்கள் என்ன? நல்லவர்களா? பயந்தவர்களா? பெரிய இடத்துப் பிள்ளைகளா? சாப்பிடும்போது திடீரென்று கையை நிறுத்தி யோசித்தார். மஸீஹாவிடம் கேட்டபோது, ஏனெனில் அவர்கள் பெண்சாதி சொன்னதைக் கேட்டு நடந்திருப்பார்கள் என்றாள். நுஸ்லாவுக்குப் போன் போட்டுக் கேட்டார். புத்தகத்தைத் திறந்து பாருங்கள் என்று சொல்லி வைத்துவிட்டாள். மேடையில் ஏறுவதற்கு இருந்த பயம்கூட இப்போது பின்னால் போய்விட்டது. அந்த ரிபனை எப்போது அவிழ்ப்போம், அடுத்த பக்கத்தை எப்போது புரட்டுவோம் என்ற ஆசைதான் முன்னால் நின்றது.

விழாவுக்கு முந்திய வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்து சாப்பிட்டுவிட்டு இருந்தபோது அவருக்குப் புதுக் கவலை வந்தது. வாசிக்கப் பழகியாயிற்று, ரிபன் அவிழ்க்கப் பழகவில்லையே. சபைக்கு முன்னால் முடிச்சு இறுகிக்கொண்டால் மானம் போய்விடும். அலுமாரியைத் திறந்து, ஆகப் பழைய பொதி ஒன்றை எடுத்து, பிஸ்மி சொல்லி ரிபனை இழுத்தார். நல்ல பிள்ளையாக அவிழ்ந்தது. உள்ளே கவிதைப் புத்தகம். தைரியம் வந்து அடுத்ததை எடுத்தார்.

உள்ளே பிஸ்கட் பெட்டி. பெட்டி மட்டும்தான், பிஸ்கட்டை எறும்புகள் எப்போதோ வாசித்து முடித்திருந்தன.

ஹாஜியாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. இன்னொன்றை அவிழ்த்தார், கதைப் புத்தகம். இன்னொன்று, ஒன்பதாம் ஆண்டுக் கணிதப் பாடநூல். றஹீம் மாஸ்டர் படிப்பித்த பாடசாலையின் முத்திரை அதில் பளிச்சென்று இருந்தது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாக, அஸர் பாங்கு சொல்வதற்குள் அலுமாரி முழுக்க அவிழ்ந்து தரையில் கிடந்தது. பெரும்பாலும் புத்தகம்தான். இடைக்கிடை போன வருடத்து டயரி, மடித்த கலண்டர் என்று சில அநாதைகள். விஷயம் மெல்லப் பிடிபட்டது. கொழும்பிலிருந்து புத்தகம் நேரத்துக்கு வந்து சேராத போதெல்லாம் மாஸ்டர் கைக்கு அகப்பட்டதைச் சுற்றிக் கட்டி மேடையேற்றியிருக்கிறார். ஹாஜியார்தான் அவிழ்ப்பதே இல்லையே என்ற நம்பிக்கையில், பிறகு சரியானதைக் கொண்டுவந்து கொடுக்கவும் மறந்துவிட்டார்.

ஹாஜியார் தரையில் சம்மணம் போட்டபடியே இருந்தார். அவருக்கு உண்மையாகவே நெஞ்சு வலித்தது. இரண்டாவது விழாவுக்குப் பேப்பரில் வந்த படம், பிஸ்கட் பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி எடுத்ததா? அந்தப் படத்தைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறாரே. கோபத்தில் போனை எடுத்து மாஸ்டரின் இலக்கத்தைத் தேடினார். தேடிக்கொண்டிருக்கும்போதே ஓர் எண்ணம் வந்து கையைக் கட்டிப்போட்டது. எனக்குப் பிஸ்கட்டை எப்படிக் கொடுப்பீர்கள் என்று கேட்டால், அதை இவ்வளவு காலமும் ஏன் அவிழ்க்கவில்லை என்று அவர் கேட்பார். திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான். கத்தவும் முடியாது, பொறுக்கவும் முடியாது.

நடந்ததைக் கேட்டு மஸீஹா சிரித்த சிரிப்பில் அவளுக்குப் புரைக்கேறிவிட்டது. சிரித்து ஓய்ந்ததும், பாவம் என்று நினைத்தாளோ என்னவோ, பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பழையபடி சுற்றி ரிபன் கட்டிக் கொடுத்தாள். கணிதப் பாடநூல், டயரி, பிஸ்கட் பெட்டி உட்பட எல்லாம் தத்தம் இடத்துக்குப் போயின.

அன்று மாலை ஹாஜியார் மாஸ்டருக்குப் போன் எடுத்து, இந்த முறை புத்தகம் நேரத்துக்கு வருமா என்று மட்டும் கேட்டார். எந்த முறை வராமல் இருந்தது ஹாஜியார் என்றார் மாஸ்டர். ஹாஜியார் ஸலாம் சொல்லிவிட்டு வைத்தார்.

விழா ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். மண்டபம் நிறைந்திருந்தது. நுஸ்லாவின் உம்மா முன்வரிசையில் புதுச் சாரியோடு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பக்கத்தில், மண்டபத்துக்கு அடுத்த கட்டடத்தில் டைல்ஸ் கடை வைத்திருக்கும் ரிஸ்வி. விற்பனை மேசை மேல் வெள்ளைத் துணி மட்டும் விரித்திருந்தது. புத்தகத்தை வெளியிட்ட பிறகுதான் பெட்டிகளை உடைப்பது என்று மாஸ்டர் நுஸ்லாவிடம் சொல்லியிருந்தார். பெட்டிகள் உண்மையில் எங்கே இருந்தன என்றால், கொழும்புப் பாதையில் கடுகண்ணாவையில் மண் சரிந்து பாதை மூடியதால், புத்தக வேன் வந்த வழியே திரும்பிக் குருநாகலைச் சுற்றிக்கொண்டிருந்தது. இது மாஸ்டருக்கும் அவருடைய இறைவனுக்கும் மட்டும் தெரிந்த சங்கதி.

நுஸ்லா ஏற்புரைக்கு எழுந்தாள். நன்றிகளை முடித்துவிட்டு, இன்றைக்கு ஒரு புதுமை நடக்கப் போகிறது, சாலிஹ் மாமா முதற்பிரதியை இந்த மேடையிலேயே திறந்து முதல் பக்கத்தை வாசிப்பார் என்று அறிவித்தாள். சபை கைதட்டியது. றஹீம் மாஸ்டரின் முகம் சுண்ணாம்பு அடித்த சுவரானது. அதைப் பார்த்ததுமே ஹாஜியாருக்குப் பிஸ்கட் பெட்டி நினைவுக்கு வந்தது.

பொதியைக் கொடுக்க வந்த மாஸ்டர் கொடுத்த கையை எடுக்கவில்லை. கமெராவுக்குச் சிரித்தபடியே, “ஹாஜியார், ஊட்டுக்குப் போய்த் தொறங்க” என்று உதடு அசையாமல் சொன்னார்.

“வாக்குக் குடுத்திட்டேன் மாஸ்டர்” என்றார் ஹாஜியார், அவரும் சிரித்தபடியே.

ரிபன் ஒரே இழுப்பில் அவிழ்ந்தது. பழகிய கை. உள்ளே பளபளவென்று, கனமாக, ரிஸ்வியின் கடை டைல்ஸ் கட்டலொக்.

ஹாஜியாருக்கு முதலில் வந்தது ஏமாற்றம்தான். அடுத்த பக்கம் இல்லை. இத்தனை நாள் காத்திருந்த ‘ஏனெனில் அவர்கள்’ இன்றைக்கும் இல்லை. இரண்டாவதாக வந்தது கோபம். இதைத் தூக்கிச் சபைக்குக் காட்டினால் போதும், பிஸ்கட்டுக்கும் கணிதத்துக்கும் சேர்த்து ஒரே நாளில் கணக்குத் தீர்ந்துவிடும். மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். ஹாஜியார் கட்டலொக்கைத் தாளோடு சேர்த்துத் தூக்கவும் செய்தார். தூக்கிய கையோடு பக்கத்தில் பார்த்தார். நுஸ்லா கதிரையின் நுனியில் உட்கார்ந்து, இரண்டு கையையும் கோத்துக்கொண்டு, பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பிள்ளையைப் போல அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே அவளுடைய உம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

தூக்கிய கை இறங்கியது. ஹாஜியார் சுற்றியிருந்த தாளால் அட்டையை மூடிப் பிடித்துக்கொண்டு, முதல் பக்கத்தை விரித்தார். நீல நிறக் குளியலறை ஒன்று தெரிந்தது. அதை உற்றுப் பார்த்தபடி, தொண்டையைச் செருமி, “ஆசியாவின் வணிக வரலாற்றை நாம் நெடுங்காலமாக” என்று தொடங்கினார்.

கட்டிக் கொடுத்த சோறும் சொல்லிக் கொடுத்த சொல்லும் எத்தனை நாளைக்கு என்பார்கள். அன்று அந்தச் சொல் கடைசிவரை வந்தது. ஓரிடத்தில் அடிக்குறிப்பின் இலக்கத்தைக்கூட அவர் விடாமல், “நடந்தான், ஒன்று” என்று வாசித்தார். மாட்டின் பின்னால் மனிதன் நடந்த இடத்தில் அவர் கண் கலங்கி, தன்னை மறந்து வலதுகையை உயர்த்தினார். தாள் நழுவியது. அந்த நேரம் பார்த்துப் பேப்பர்காரர் படம் எடுத்தார். முன்வரிசையில் ரிஸ்வி நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணைக் கசக்கி இன்னொரு முறை பார்த்துவிட்டு, மிகவும் திருப்தியாகச் சாய்ந்துகொண்டார்.

“பொதிமாட்டுக்காரர்கள் மீது ஒரு முறைப்பாடுகூடக் கிடைக்கவில்லை. ஏனெனில் அவர்கள்” என்று வந்ததும், ஆசை யாரை விட்டது, ஹாஜியார் பக்கத்தைப் புரட்டிவிட்டார். ரோஸ் நிறக் கொமோட் ஒன்று இருந்தது. சபை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. ஹாஜியார் கட்டலொக்கை மூடினார்.

“மிச்சத்த நீங்க வாங்கிப் படிங்க. நானும் அப்படித்தான் படிக்கப் போறேன்.”

மண்டபம் அதிர்ந்தது. அப்படியொரு கைதட்டல் எந்தக் கவிஞருக்கும் அந்த மேடையில் கிடைத்ததில்லை. ஏனெனில் அவர்கள் என்ன, ஏனெனில் அவர்கள் என்ன என்று கேட்டுக்கொண்டு சனம் விற்பனை மேசையை மொய்த்தது. புத்தகம் வீடு தேடி வரும், பெயரைத் தந்துவிட்டுப் போங்கள் என்று மாஸ்டர் வியர்க்க வியர்க்கச் சமாளித்தார்.

அன்று மஃரிப் தொழுகைக்குப் பிறகு படம் எல்லோருடைய போனுக்கும் வந்துவிட்டது. பேப்பர்காரரிடம் வாங்கி அனுப்பியவர் ரிஸ்வி. பொன்னாடை போர்த்திய ஹாஜியார் கையை உயர்த்தி, கண்ணில் நீர் மல்க, குளியலறை டைல்ஸ் கட்டலொக்கை வாசித்துக்கொண்டிருந்தார். கடையின் பெயர் எழுத்துப் பிசகாமல் தெரிந்தது.

மறுநாள் காலையில் ஹாஜியார் தம்புள்ளைக்குப் போகவில்லை. போனால் கப்பல் கதையைக் காட்டிலும் மோசமான கதை அங்கே காத்திருக்கும் என்று தெரியும். புத்தக வேன் ஒருவழியாக வந்து, அவர் வீட்டு வாசலில்தான் நின்றது. நுஸ்லா இறங்கி உள்ளே வந்தாள். மாஸ்டர் ஒரு துணிப் பையோடு கேற்றடியிலேயே நின்றுகொண்டார். நுஸ்லா போனைத் திறந்து மேசை மேல் வைத்தாள். இது என்ன என்று கேட்டாள். டைல்ஸ் என்றார் ஹாஜியார்.

“அப்ப நீங்க வாசிச்சது?”

அவர் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். ரிபனைப் பழகியது போல இதையும் பழகினேன் என்றார். நுஸ்லா முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாமல் ஹாஜியார் தவித்துப்போய் மஸீஹாவைக் கூப்பிட்டார். இரண்டும்தான் என்று பிறகு தெரிந்தது.

“அந்தப் பக்கத்த நான் எத்தன தரம் கிழிச்சுப் போட்டு எழுதினேன் தெரியுமா மாமா” என்றாள் அவள். “இத யாரு வாசிக்கப் போறாங்கன்னு நெனச்சு நெனச்சுத்தான் எழுதினேன். நீங்க ஒரு சொல்லக்கூட விடல்ல.”

எத்தனையோ பொன்னாடை விழுந்த தோள்தான் ஹாஜியாருடையது, ஆனால் இப்படியொரு சந்தோஷம் அதில் இதற்குமுன் விழுந்ததில்லை. அவர் எழுந்து போய் மாஸ்டரை உள்ளே அழைத்து உட்கார வைத்தார். மாஸ்டர் பையைக் கவிழ்த்தார். தூசு படிந்த புத்தகங்கள் சில மேசையில் விழுந்தன.

“ஹாஜியார், இது ஒங்கட சாமான். கொஞ்சம் சுணங்கிப் போச்சு. ஒருதடவ ஒரு பிஸ்கட் பெட்டிய...”

“அத எறும்பு நல்லா ருசிச்சுத் திண்டிச்சு மாஸ்டர்.”

மாஸ்டர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். “அத எப்ப தொறந்தீங்க?”

“அத மட்டும் கேக்காதீங்க” என்றார் ஹாஜியார்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை காலம் முறைப்பாடு எதுவுமின்றி ஓடிய வியாபாரம் அங்கே மரியாதையாக முடிவுக்கு வந்தது.

நுஸ்லா ஒரு புத்தகத்தை நீட்டினாள். சுற்றிய தாளும் இல்லை, ரிபனும் இல்லை. ஹாஜியார் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதல் பக்கத்தைப் பார்க்காமலே தள்ளினார். அது அவருக்குத் தெரியும். அடுத்த பக்கத்தின் முதல் வரியில் விரலை வைத்து, எல்லோருக்கும் கேட்க வாசித்தார்.

“தம்மிடம் கட்டிக் கொடுக்கப்பட்ட பொதியை ஒருநாளும் அவிழ்த்துப் பார்த்ததில்லை.”

மாஸ்டர் முகட்டைப் பார்த்தார். குசினிப் பக்கமிருந்து மஸீஹாவுக்குப் புரைக்கேறுவது கேட்டது. ஹாஜியார் அந்த வரியை இன்னொரு தரம், இந்த முறை மனதுக்குள், வாசித்தார்.

“எங்கட ஆக்கள்தான்” என்றார். பிறகு ரிபன்களை அவிழ்க்க எழுந்து போய் அலுமாரிச் சாவியை எடுத்தார்.